சக்கரத்தை நிறுத்திய காலை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், திரையில் எதையாவது சுற்றவிடச் சொல்லி ஒருவர் கேட்கத்தான் போகிறார். இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம். நகைக்கடைக்காரர் நெக்லஸ் சுற்ற வேண்டும் என்பார். கல்யாண வீட்டுக்காரர் பெண் மாப்பிள்ளை பெயருக்கு மேலே பூ சுற்ற வேண்டும் என்பார். மசாலாக் கம்பெனிக்காரருக்கு மிளகாய் சுற்றியாக வேண்டும். இந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் நான் சுற்றவிட்டதை ஓரிடத்தில் கொட்டினால் ஒரு திருவிழாக் கடைத்தெருவே போட்டுவிடலாம்.

முதன்முதலில் சுற்றவிட்டது ஒரு வளையல். கும்பகோணத்தில் ஒரு கடைக்காக. படத்தின் நடுவை மையமாக வைத்துச் சுற்ற வேண்டியதை, மூலையை மையமாக வைத்துச் சுற்றவிட்டுவிட்டேன். வளையல் ஒரு வட்டமடித்துத் திரைக்கு வெளியே போய், கொஞ்ச நேரம் ஆளைக் காணாமல், மறுபடி இந்தப் பக்கமாக வந்தது. கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேடம், சரக்கு கடைய விட்டு ஓடுற மாதிரியில்ல இருக்கு" என்றார். அந்த மாதிரித் தவறுகளெல்லாம் நல்ல தவறுகள். கண்ணுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். நான் சொல்ல வந்தது சரியாகச் சுற்றிய ஒன்றைப் பற்றி. ஒரு குறையும் இல்லாமல், பார்க்கப் பார்க்க ஆசையாகச் சுற்றியது. அதை நிறுத்த வேண்டி வந்தது.

அப்போது எங்கள் ஆபீஸ் தஞ்சாவூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. என்னோடு வேலை பார்த்தவர் ஜமால். கூத்தாநல்லூர்க்காரர். எங்கள் ஆபீஸில் படம் போடவும் அசையவிடவும் அவரைவிட்டால் ஆள் கிடையாது. பேச்சு குறைவு. நான் ஒன்பது வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் பெரும்பாலும் "பாக்கலாம்க்கா" என்பதாக இருக்கும்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சில ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அறுப்புக் காலத்தில் அறுவடை மெஷின் கிடைப்பது அந்தப் பக்கத்தில் பெரும்பாடு. அதிலும் வயலில் ஈரம் நின்றுவிட்டால் டயர் வண்டி இறங்க முடியாது, புதைந்துவிடும். பெல்ட் வண்டிதான் இறங்கும். அதற்கு நடக்கிற அடிபிடியைப் பார்த்துவிட்டு, சங்கமே முன்கூட்டிச் சில வண்டிகளைப் பேசிவைத்தது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் போனில் பதிவு செய்தால், வரிசைப்படி வண்டி போகும். அந்தப் பதிவுக்கான பக்கத்தை நாங்கள் செய்து கொடுத்தோம்.

சங்கத்துச் செயலாளர் ராமலிங்கம் அவரே விவசாயி. எதையும் ஆள் அனுப்பாமல் தானே பஸ் ஏறி வந்து சொல்வார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேரப் போட்டுட்டுக் காத்திருக்கையில ஸ்கிரீன் சும்மா வெள்ளையா நின்னா நம்ம ஆளுங்க நம்ப மாட்டாங்க மேடம். போன் கெட்டுப்போச்சுன்னு தட்ட ஆரம்பிச்சுடுவாங்க. ஏதாவது ஒண்ணு சுத்தணும்."

ஜமால் ஊருக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, சாலையோரமாக நின்று மெஷின் அறுப்பதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மெஷினுக்கு முன்னால் பல்லுப் பல்லாக ஓர் உருளை சுற்றுமே, கதிரை வளைத்து உள்ளே தள்ளுவது, அதைத்தான் படமாகப் போட்டுக் கொண்டுவந்தார். பதிவு முடியும்வரை அந்த உருளை சுற்றும். அப்படியொரு அழகு. பல்லின் முனையில் ஒட்டியிருக்கும் வைக்கோல்கூடத் தெரியும். சங்கத்து ஆள்கள் அதைச் சக்கரம் என்றார்கள், நாங்களும் சக்கரம் என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

ஒரு சிக்கல் வந்தது. சங்கத்து ஆள்களின் போன்களெல்லாம் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் வாங்கி அனுப்பி, வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று கை மாறியவை. அவற்றில் சக்கரம் தத்தித் தத்திச் சுற்றியது, சிலவற்றில் பாதியில் நின்றது. ஜமாலுக்கு அது பொறுக்கவில்லை. "போன் சுத்த வேண்டாம்க்கா, சர்வரே சுத்தட்டும்" என்றார். சர்வரில் ஓடும் புரோகிராமே படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பிய படத்தைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போனுக்கு வேலையே இல்லை, வருகிற படத்தைக் காட்டினால் போதும். ஆபீஸில் இருந்த பழைய போன்களையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. நான் கைதட்டினேன். குறுவை அறுப்பில் பதிவு செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஒரு குறையும் வரவில்லை.

பிறகு சம்பா அறுப்பு வந்தது. தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, வரக்கூடாத மழை வந்தது. கதிர் முற்றி நின்ற பயிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. ஒருநாள் மழை விட்டு வெறித்தது. மறுநாள் காலை வானம் மறுபடி மூடிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் இன்னொரு மழை இருக்கிறது என்று ரேடியோவிலும் டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த பயிரின் மேல் இன்னொரு மழை என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

பக்கத்தின் அடியில் உதவிக்கு என்று கொடுத்திருந்த எண் என் மேசைப் போனுடையது. அன்று காலை வந்த முதல் அழைப்பு ஒரு பெண்.

"மேடம், சக்கரம் ரொம்ப மெதுவாச் சுத்துதுங்க. வண்டி சேத்துல எறங்கிடுச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாளோ என்றுகூட நினைத்தேன். எந்த வண்டி என்று கேட்டேன்.

"எங்களுக்கு வர்ற வண்டிதாங்க. நல்லாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப முக்கி முக்கிச் சுத்துது. மாட்டிக்கிச்சுன்னா ஆளக் கூட்டிட்டுப் போயித் தள்ளிவிடலாம், எந்த ஊருலன்னு மட்டும் சொல்லுங்க."

பெயர் கேட்டேன். வசந்தா. புருஷன் குவைத்தில் டிரைவர். குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள். மேட்டில் ஒரு வயல், பள்ளத்தில் ஒரு வயல், இரண்டும் சாய்ந்து கிடக்கின்றன. இப்போது மாமியாரின் பட்டன் போனிலிருந்து கூப்பிடுகிறாள், ஏனென்றால் தன் போனில் பேசினால் சக்கரம் போய்விடும். அந்தப் போனைச் சுவரில் பிளக்கில் சொருகி, ஒயர் எட்டுகிற தூரத்தில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது மேடம். எடுத்தா அணைஞ்சுடும். அணைஞ்சா எடம் போயிடுமில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் அப்பாவும் வயல் வைத்திருந்தவர்தான், எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். பக்கத்து வயலில் மெஷின் இறங்கி உருளை சுற்ற ஆரம்பித்துவிட்டால், அடுத்து வேண்டியவர் தன் வரப்பில் போய் நிற்க வேண்டும். டிரைவர் வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். எந்த வரப்பில் ஆள் நிற்கிறதோ அங்கே வண்டியைத் திருப்புவார். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று நகர்ந்தால் போயிற்று, வண்டி வாய்க்காலைத் தாண்டி வேறு வயலில் நிற்கும். உருளை சுற்றுகிறதென்றால் நகரக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம். ஜமாலின் சக்கரத்தை அவர்கள் படமாகப் பார்க்கவே இல்லை. எங்கேயோ ஒரு வயலில் தங்களுக்கு முன்னால் இருப்பவருக்கு அறுத்துக்கொண்டிருக்கும் வண்டியாகத்தான் பார்த்தார்கள். அது சுற்றுகிற வரைக்கும் நிற்பதுதான் முறை என்று நின்றார்கள்.

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மாமியாரின் எண்ணை வாங்கிக்கொண்டு ஜமாலைக் கூப்பிட்டேன். அவர் சர்வரைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

காத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சர்வர் தனித்தனியாக ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. குறுவையில் சில பேர். இன்று அந்த வட்டாரமே பதிவு செய்ய வந்திருந்தது, வந்தவர்கள் யாரும் பக்கத்தை மூடவில்லை. படம் திருப்புவதிலேயே சர்வருக்கு மூச்சு வாங்கியது, பெயரைப் பதிவு செய்ய அதற்கு நேரமே இல்லை. பெயர் ஏறாததால் யாரும் போகவில்லை, மேலும் மேலும் ஆள்கள் வந்து நின்றார்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு சக்கரம். பந்தியில் பரிமாற வேண்டியவர்களெல்லாம் வாசலில் நிற்பவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்தால் இலையில் சோறு யார் போடுவது? அந்தக் கதைதான்.

ராமலிங்கத்துக்குப் போன் போட்டு, சக்கரத்தை நிறுத்தப் போகிறோம் என்றேன்.

"ஐயய்யோ, அத மட்டும் செஞ்சிடாதீங்க மேடம். சக்கரம் நின்னா சங்கத்துல வண்டி இல்லன்னு ஊரு பூரா பரவிடும். எல்லாரும் புரோக்கர்கிட்ட ஓடுவாங்க. அவனுங்க இன்னிக்கு வாய்க்கு வந்ததக் கேப்பானுங்க. எங்க வண்டி எல்லாம் இங்கதான நிக்கிது. பேரு வரட்டும், அனுப்புறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வண்டிகள் தயாராகத்தான் இருந்தன. பெயர்தான் வரவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கும் வந்தது. ஜமால் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு வழி சொன்னார். "போனே சுத்தட்டும்க்கா. பழைய மாதிரி மாத்திடுறேன். கொஞ்சம் தத்தும். ஆனா சர்வருக்கு மூச்சு வரும், பேரு ஏற ஆரம்பிச்சுடும். செயலாளருக்கும் சக்கரம் நிக்காது."

நல்ல வழி. நம் தொழிலில் கெட்டிக்காரர்கள் சொல்லக்கூடிய வழி. கொஞ்ச நேரத்தில் செய்துவிடலாம், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் வசந்தாவுக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவளுடைய பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்று தேடினேன். ஏறவில்லை. விடிந்ததிலிருந்து நிற்கிறாள், அவள் பெயர் எங்களிடம் வந்து சேரவே இல்லை.

கூப்பிட்டுச் சொன்னேன். ஜமாலும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. "வசந்தா, உங்க பேரு இன்னும் எங்களுக்கு வரலம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது. பிறகு அவள் சொன்னாள். "இல்லியேக்கா. சுத்திக்கிட்டுத்தான இருக்கு."

"அது சும்மா படம்மா. பேரு வந்தாலும் வராட்டியும் அது சுத்தும்."

"அப்ப அது எதுக்குச் சுத்துது?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜமாலைப் பார்த்தேன். அவர் தன் திரையில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் ஆசை ஆசையாகச் செய்த பொருளைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை ஒரு மனிதர் காதால் கேட்க வேண்டியிருப்பது கொடுமை. எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, போனில் இருப்பவளை நினைக்கவும் பாவமாக இருந்தது.

"நிறுத்திடுவோம்க்கா" என்றார். "போன்லயும் சுத்த வேணாம்."

என் பேச்சை ராமலிங்கம் கேட்க மாட்டார் என்று தெரியும். அதனால் வசந்தாவை வைத்துக்கொண்டே, ஜமாலின் போனில் அவரைக் கூப்பிட்டு இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதையெல்லாம் எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தர மாட்டார்கள். உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி லைனில் இருக்கிறாள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

"சித்தப்பா, நான் வசந்தா பேசுறேன்."

"என்னம்மா, பதிவு பண்ணிட்டீல்ல?"

"அதத்தான் கேக்குறேன். என் பேரு ஏறிடுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. ஏறலன்னா ஏறலன்னு சொல்லுங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ரோட்டுக்குப் போயி போற வண்டிய மறிச்சாவது பாப்பேன். இதப் பாத்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே நிக்கிறனே, வயலு பக்கம் போயே பாக்கல சித்தப்பா."

ராமலிங்கத்தின் பக்கமிருந்து இரும்புக் கதவு ஒன்று கிறீச்சிடும் சத்தம் கேட்டது, வண்டி நிற்கும் கொட்டகைக்கு வெளியே வந்திருப்பார் போல. "எல்லாருமா இப்படி நிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"பெரும்பாலும் எல்லாரும்தான் சார்."

"பிளக்குப் பக்கத்துலயா?"

"ஆமாம் சார்."

"நிறுத்திடுங்கம்மா" என்றார். அதுவரைக்கும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் சக்கரம் நின்றதும் அங்கே என்ன எழுதுவது? அதுதான் கஷ்டம். நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரம் நின்றுவிட்டால் என்ன நினைப்பாய் என்று வசந்தாவையே கேட்டேன். "வண்டி வேற பக்கம் போயிடுச்சுன்னு நெனப்பேன்க்கா. அழுகதான் வரும்" என்றாள். அதனால் சும்மா நிறுத்த முடியாது. பொய்யும் எழுத முடியாது. தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஒரு வரி எழுதத்தான் கை போனது, இத்தனை வருஷப் பழக்கம். காத்திருக்க வைத்ததுதானே நோய்.

கடைசியில் இரண்டு விதமாக எழுதினோம். பெயர் ஏறியவர்களுக்கு, "உங்கள் பெயர் ஏறிவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், மூடினாலும் இடம் போகாது. வண்டி கிளம்பும்போது நாங்களே கூப்பிடுவோம்." ஏறாதவர்களுக்கு, "உங்கள் பெயர் இன்னும் ஏறவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். ஆனால் இன்றைக்கு வண்டி வரும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. பக்கத்தில் வேறு வண்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்." கடைசி வரியை ராமலிங்கத்துக்குப் படித்துக் காட்டினேன். தொண்டையைச் செருமிவிட்டு, "போடுங்க" என்றார். வசந்தாவின் பெயரை நானே ஏற்ற முடியும். முதலில் ஏற்றவும் முடியும், யாருக்கும் தெரியப்போவதில்லை. கை துறுதுறுத்தது என்பதை மறைக்கவில்லை. வரிசையின் கடைசியில்தான் ஏற்றினேன், அதை அவளிடமும் சொன்னேன். "கடைசின்னா இன்னிக்கு வராதுல்லக்கா" என்றாள். வராது என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

சக்கரத்தை ஜமால்தான் நிறுத்தினார். நான் நிறுத்துகிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த கொஞ்ச நேரத்திலேயே சர்வர் தேறிவிட்டது. பெயர்கள் மளமளவென்று ஏறின, கொட்டகையிலிருந்து வண்டிகள் கிளம்பின. அதே வேகத்தில் என் மேசைப் போனும் அடிக்க ஆரம்பித்தது. ஒருவர், காலையிலிருந்து ஏமாற்றினீர்களா என்று நல்ல தமிழில் திட்டினார். ஒருவர், புரோக்கரிடம் போகச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்றார். ஒரு பெரியவர் நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "இத விடியக்காலையிலயே போட்டிருக்கலாம்லம்மா" என்று மட்டும் கேட்டார். திட்டியவர்களை மறந்துவிட்டேன், அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கூப்பிடுவோம் என்று எழுதிவிட்டோமே, வண்டி கிளம்பக் கிளம்ப ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டியிருந்தது. ஜமாலும் நானும் கீழே பேக்கரியில் வேலை செய்த பெண்ணுமாகச் சேர்ந்து கூப்பிட்டோம். ஒரு வரி எழுதினால் அந்த வரிக்கு வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் சொன்ன மாதிரியே மழை வந்தது. எங்கள் மாடி ஜன்னலில் அடித்தது. மழைச் சத்தத்தோடு வசந்தா கூப்பிட்டாள், இந்த முறை தன் சொந்தப் போனிலிருந்து.

"அக்கா, மேட்டு வயலு முடிஞ்சுதுக்கா. நெல்லு வீட்டுக்கு வந்துடுச்சு."

எப்படி என்று கேட்டேன். எங்கள் வரியைப் படித்ததும் போனைப் பிளக்கிலிருந்து பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ வெளியூர் வண்டி ஒன்றைப் பிடித்து இறக்கியிருந்தார்கள். வீட்டில் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? நேரே தன் வரப்பில் போய் நின்றிருக்கிறாள். டிரைவர் அந்த வயலை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பக்கம் வரப்பில் நின்றது அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் இன்னும் வீட்டில்.

"பள்ளத்து வயலு?" என்றேன்.

"அதுல எறங்குறதுக்குள்ள மழ புடிச்சுக்கிச்சுக்கா. வண்டி ஏறிப் போயிடுச்சு. அது போனதுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "காலையிலயே போயிருந்தா அதுவும் வந்திருக்கும்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள். அவளுக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜமால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, சுற்றவிடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் செய்யும் அழகான காரியங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் நான். ஆனால் திரையில் ஒன்று சுற்றுகிறது என்றால், பார்க்கிறவர் அதை நம்பித் தன் நேரத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். உங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது அவர் உங்களுக்குத் தெரிய மாட்டார். அவர் ஒரு பிளக்கின் பக்கத்தில் நிற்கலாம். சக்கரத்துக்குப் பின்னால் உண்மையில் ஒரு வேலை நடக்கிறதா, இல்லை சும்மா சுற்றுகிறதா என்று தினமும் ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சும்மாதான் சுற்றுகிறதென்றால் வேறு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும், அதற்குத்தானே சம்பளம்.

ஜமால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ராமலிங்கத்தோடு உட்கார்ந்து பேசி வேறு மாதிரி ஆக்கினார். இப்போதும் சர்வர்தான் அதைச் சுற்றுகிறது, ஆனால் எப்போதும் இல்லை. ஒரு வயல் அறுத்து முடிந்ததும் டிரைவர் சங்கத்துக்குச் சொல்வார், சங்கத்தில் அதைப் பதிவார்கள், அப்போது அந்த வண்டிக்குக் காத்திருக்கிறவர்களின் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கும். எங்கள் ஆபீஸில் பார்த்தவர்களெல்லாம், என்ன இது, ரிப்பேரா என்று கேட்டார்கள். ஜமால் "பாக்கலாம்க்கா" என்றார்.

அடுத்த சம்பாவில் மழை தொந்தரவு இல்லை. அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மத்தியானம் சாயும் நேரம், என் மேசைப் போன் அடித்தது. வசந்தா.

"அக்கா, சக்கரம் நிக்கிதுக்கா."

எனக்குத் திக்கென்றது. "ஆமாம்மா, உங்களுக்கு முன்னாடி இருக்குறவங்க வயல் இன்னும் முடியல போலருக்கு. முடிஞ்சாத்தான் நகரும். ஏதாவது கோளாறா இருக்குமோன்னு பாக்கவா?"

"அய்ய, கோளாறெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் நிக்கிது. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். நிக்கிதுல்ல, நான் வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்புட்டுட்டு வந்துடுறேன்."

போனை வைத்துவிட்டு ஜமாலின் மேசைக்குப் போனேன். "வசந்தா சாப்பிடப் போயிருக்கா" என்று சொன்னேன். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.